திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. பணி ஆணை கைக்கு வந்த அன்றே அண்ணன் அதைத் தொலைபேசியில் எனக்கு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டார். கடலோரத்து நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு, திங்கட்கிழமை காலை சேர வேண்டும். அதற்குப் பிறகு நீ கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. "கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அன்பாக இருக்க வேண்டுமா அத்தை?" என்றாய். 32 ஆண்டு சாக்பீஸ் பிடித்தவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னைப் போலவே முதன்முறையாக வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கப் போகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், ஓர் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது பிள்ளை தப்பாக விடை சொல்லும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த நொடியில் அவர் முகம் என்ன செய்கிறது, அடுத்து வாய் என்ன கேட்கிறது என்று பார்த்தால் போதும். இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆகியிருக்கும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆறாம் வகுப்பில் தசம எண்கள் நடத்திக்கொண்டிருந்தேன். 0.8, 0.12 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் 0.12க்குக் கை தூக்கியது. கவனக்குறைவு என்று நானே முடிவு கட்டி, சரியான விடையைப் பத்து முறை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் எல்லோரும் எழுதி வந்தார்கள். எண்களை மாற்றி 0.7, 0.25 என்று கேட்டதும் அதே கைகள் 0.25க்கு உயர்ந்தன. எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், அதிகம் பேசமாட்டாள். நோட்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். அவளும் கை தூக்கியிருந்தாள். அதுதான் என்னை உறுத்தியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, "இந்த இரண்டையும் வாய்விட்டுப் படி" என்றேன். "பூஜ்யம் புள்ளி எட்டு. பூஜ்யம் புள்ளி பன்னிரண்டு" என்று படித்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "எட்டைவிடப் பன்னிரண்டு பெரியதுதானே டீச்சர்?" என்றாள்.

பாப்பா, அந்த வாசிப்பு என்னுடையது. ஒரு வாரமாக வகுப்பில் நின்று "புள்ளி பன்னிரண்டு", "புள்ளி இருபத்தைந்து" என்று படித்துக்கொண்டிருந்தவள் நான். "புள்ளி ஒன்று இரண்டு" என்று இலக்கம் இலக்கமாகப் படித்திருக்க வேண்டும். பிள்ளைகள் நான் சொன்னதைக் கூர்ந்து கேட்டு, கேட்டதை வைத்து நியாயமான முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். தப்பு என் வாயிலிருந்து புறப்பட்டு அவர்கள் நோட்டில் போய் உட்கார்ந்திருந்தது. தண்டனையும் அவர்களுக்கே கொடுத்திருந்தேன்.

அவளுடைய அம்மா தையல் தைப்பவர் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரவிக்கைக்குத் துணி எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டேன். "எண்பது சென்டிமீட்டர்" என்றாள் உடனே. அதை மீட்டரில் எழுதச் சொன்னேன், 0.8 என்று எழுதினாள். அப்படியென்றால் 0.12 மீட்டர் துணி? மனத்துக்குள் கணக்குப் போட்டாள். கையை விரித்து, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை பார்த்தாள். "அரைச் சாண்தான் டீச்சர். கழுத்துப் பட்டிக்குத்தான் ஆகும்" என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த பாட வேளையில் அவளையே பலகைக்கு வரவழைத்து நடத்தச் சொன்னேன். நான் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றிலிருந்து யார் தப்பாகச் சொன்னாலும், "எப்படி வந்தது, சொல்" என்று கேட்கப் பழகினேன். வியப்பு என்னவென்றால், காரணமே இல்லாத தப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. 52லிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை, இரண்டிலிருந்து ஏழு போகாது என்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கும். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று கீழ் வகுப்பில் யாரோ சொன்னதை அது விசுவாசமாகக் காப்பாற்றுகிறது. ஒருமுறை ஒன்றாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் போக, நான் பார்த்துக்கொண்டேன். தொண்ணூற்றெட்டு எழுதச் சொன்னால் ஒரு பையன் 108 எழுதினான். அவன் காதில் நூற்றெட்டு விழுந்திருக்கிறது. சொல்லிப் பார், தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. ஒன்பதாவது படிக்கு வந்ததும் அடுத்த படியின் பெயரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் மொழிக்கு. அந்தப் பையன் காது கேளாதவனும் இல்லை, மக்கும் இல்லை. நன்றாகவே கேட்டிருந்தான்.

ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளில் 30 கேள்விதான் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியது. நீ அதில் நல்ல மதிப்பெண் எடுத்தாய் என்று தெரியும். பள்ளிக்குப் போனபின் அந்த விகிதம் தலைகீழாகிவிடும். கணக்கு உனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்குக் கவலையே இல்லை. ஆனால் உனக்குத் தெரிந்த கணக்கு ஒன்று, பதினோரு வயதுப் பிள்ளையின் தலைக்குள் இருக்கும் கணக்கு இன்னொன்று. இரண்டாவதையும் படித்தாக வேண்டும். அதற்குப் பாடநூல் கிடையாது. பிள்ளைகளின் நோட்டுதான் பாடநூல். வீட்டுப்பாடத்தைத் திருத்தும்போது சுழித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடாதே. ஒரே தப்பு எத்தனை நோட்டில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வா. பத்து நோட்டில் ஒரே தப்பு வந்தால் அதன் ஊற்று பலகைப் பக்கம்தான் இருக்கும்.

நன்னூலைத் தமிழ் வகுப்போடு விட்டிருப்பாய். அதன் பொதுப் பாயிரத்தை ஒருமுறை எடுத்துப் பார். பவணந்தியார் பாடம் சொல்லும் முறையை அடுக்கும்போது, சொல்லப் போகும் பொருளை முதலில் உள்ளத்தில் அமைத்துக்கொள் என்கிறார். அதற்குப் பிறகு "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து" என்று வருகிறது. விரையாமையை வெகுளாமைக்கு முன்னால் வைத்ததை நான் பல ஆண்டு கழித்துத்தான் கவனித்தேன். வகுப்பில் எனக்குக் கோபம் வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி நாள் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்திருக்கிறேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும், ஒரு பையன் முதலிலிருந்து சந்தேகம் கேட்பான், அங்கே பற்றிக்கொள்ளும். அவசரத்தைக் குறைத்தேன், கோபம் தானாகப் பாதி குறைந்தது.

ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் அவர் நான்கு உவமை சொல்கிறார். அதில் இரண்டை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒன்று மடற்பனை. கருக்கு நிறைந்த மரத்தில் யாரும் ஏற முடியாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. நிறையப் படித்திருப்பார், ஒரு பிள்ளைகூடக் கிட்டே போய்ச் சந்தேகம் கேட்க முடியாது. இன்னொன்று முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர், வளைந்து வளர்ந்து காயைப் போடுவது அடுத்த வீட்டில். பள்ளிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, தன் முழுத் திறமையையும் மாலை டியூஷனில் போய்க் கொட்டுகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வரும். அப்படி ஆகிவிடாதே என்று உன்னிடம் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

நீ போகும் ஊர் கடலோரம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நீ கைக்குழந்தை. தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் அன்று நடந்ததை உன் அப்பா சொல்லியிருப்பார். கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். நான் வேலை பார்த்த பள்ளி கடலுக்குக் கூப்பிடு தூரம். பள்ளி திறந்த முதல் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலைமையாசிரியர் வாசலில் நிறுத்தி, "இந்த வாரம் பெயர் கூப்பிட வேண்டாம் அம்மா, தலையை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த மனிதரைப் பற்றி இன்னும் ஆயிரம் சொல்லலாம். இந்த ஒன்று போதும்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள் நடத்த வேண்டியிருந்தது. வழக்கமாக எல்லோரும் எடுக்கும் எடுத்துக்காட்டு உனக்குத் தெரியும், கடல் மட்டம் பூஜ்யம், அதற்கு மேலே மிகை, கீழே குறை. பாடக் குறிப்பிலும் அதையே எழுதியிருந்தேன். நீலச் சாக்பீஸால் பலகையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இது கடல் மட்டம்" என்றேன். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன், கோட்டுக்குக் கீழே நான் இன்னும் எதுவும் எழுதாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். -3 எழுதப் போன கை நின்றுவிட்டது. டஸ்டரை எடுத்துக் கோட்டை அழித்தேன். "எல்லோரும் வெளியே வாருங்கள்" என்று மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடுப்படியில் சாக்பீஸால் 0 என்று எழுதினேன். மேலே ஏறினால் மிகை, இறங்கினால் குறை. ஏறி இறங்கிக்கொண்டே நான்கு நாள் நடத்தினோம். நாலாம் நாள் அந்தப் பையன் பூஜ்யப் படியில் நின்று, "இரண்டு படி இறங்கி ஐந்து படி ஏறினால் மூன்றாம் படி" என்றான். பள்ளி திறந்ததிலிருந்து அவன் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அது. ஓய்வு பெறும் வரை முழுக்களுக்கு நான் மாடிப்படியைவிட்டு வேறு எங்கும் போகவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கண்டிப்பு வேண்டும், ஆனால் அதை முதலில் உன்மேல் வைத்துக்கொள். மணி அடிக்கும்போது வாசலில் நிற்பது, வாங்கிய நோட்டைச் சொன்ன நாளில் திருப்பித் தருவது, தெரியாத கேள்விக்கு "நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லி மறுநாள் மறக்காமல் சொல்வது, இவ்வளவுதான். இதைப் பிள்ளைகள் பத்து நாளில் கண்டுகொள்வார்கள். அதற்குப் பிறகு குரலை உயர்த்த வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வரும். ஆரம்பத்தில் நானும் ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அப்போது எல்லோரும் அடித்தார்கள் என்பது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்லாமல் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. "உனக்கெல்லாம் கணக்கு வராது" என்ற ஒரு வாக்கியம் ஸ்கேலைவிட ஆழமாக இறங்கும். நாற்பது வயதுக்காரர்கள்கூட அதை என்னிடம் சொல் மாறாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

நன்னூல், நல்ல ஆசிரியரை நிறைகோலுக்கு, அதாவது தராசுக்கு ஒப்பிடுகிறது. அதே சூத்திரம் ஆசிரியருக்கு வேண்டியவற்றில் முதலாவதாகக் குலத்தைச் சொல்கிறது. அதை நான் ஏற்கவில்லை, நீயும் ஏற்காதே. தராசை மட்டும் எடுத்துக்கொள். உதவித்தொகைப் பட்டியல் வரும். எந்தச் சாதிப் பிரிவில் யார் யார் என்று வகுப்பில் உரக்கப் படித்துவிடுவார்கள், நேரம் மிச்சம் என்பார்கள். நீ படிக்காதே. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கு. ஒரு பாட வேளை போகும், போகட்டும். ஓய்வறையில் ஒரு பிள்ளையைக் குறித்து "அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று பேச்சு எழுந்தால், அந்தப் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடு.

பதிவேடுகள், இணையத்தில் விவரம் ஏற்றுவது, கூட்டங்கள் இதெல்லாம் இருக்கும். சக ஆசிரியர்கள் கற்றுத் தருவார்கள். முதல் மாதம் மலைப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது ஒரு துணிப்பை கொடுத்தனுப்புகிறேன். ஈர்க்குச்சிக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் பத்துக் குச்சி. தொண்ணூற்றெட்டை 108 என்று எழுதிய பையனுக்காகச் செய்தவை. ஒன்பது கட்டையும் எட்டுத் தனிக் குச்சியையும் அவனே மேசையில் எடுத்து வைத்தான். ஆறாம் வகுப்பில் எதற்கு என்று நினைக்காதே, கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறும் பிள்ளை ஆறாம் வகுப்பிலும் இருக்கும். கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சியை அது கையில் கொடு. ரப்பர் வளையங்கள் இற்றுவிட்டன. மஞ்சக்குப்பத்தில் புதிது வாங்கி மாட்டிக்கொள்.

அன்புடன்,
அத்தை