டெல்லி கேட்டில் இறங்குங்கள், அண்ணா

அண்ணா,

இன்று பிப்ரவரி 19. என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டெல்லியில் டெஸ்ட் வந்தால் தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னீர்களாம். அண்ணி சொன்னாங்க. நான் கூட வரவில்லை. கூப்பிடுவீர்களா மாட்டீர்களா என்று காத்துக்கிடக்காமல் நானே முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் போகிறவருக்குத் தெரிய வேண்டியதை இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்க மாட்டீர்கள், இந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்கிறீர்கள் என்று பையன் சொன்னான். வாலாஜாவிலும் குடியாத்தத்திலும் இதை வாசிக்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் கல்யாண வீட்டில் பேசியதை இங்கே எடுக்கவில்லை.

முதலில் ரயில். காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ்தான் உங்களுக்கு வசதி. சென்ட்ரல் போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம், ஆனால் ஆற்காட்டிலிருந்து மெட்ராஸ் போகிற அலைச்சல் உங்கள் முட்டிக்கு வேண்டாம். கேரளா எக்ஸ்பிரஸ் நம்ம ஸ்டேஷனுக்கு நடுராத்திரி தாண்டி, விடியலுக்கு முன்னால் வருகிறது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் 16-ஆம் தேதி என்று இருந்தால், 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும். 16 ராத்திரி போய் நின்றால் வண்டி அதற்குள் ஆந்திராவைத் தாண்டியிருக்கும். புக் பண்ணும்போதே காட்பாடிக்கு வருகிற தேதியைப் பார்த்துப் போடுங்கள், திருவனந்தபுரத்தில் கிளம்புகிற தேதியை அல்ல.

முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, அந்தப் பழைய கணக்கிலேயே இருக்காதீர்கள். மேட்ச் டிக்கெட் பெரும்பாலும் ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் விற்பனைக்கு வரும். அதுவரைக்கும் பொறுத்திருந்தால் ரயிலில் இடம் இருக்காது. ரயிலை முதலில் எடுங்கள், மேட்ச் டிக்கெட் பிறகு. இன்னொன்று, தனியாகப் போவதால் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. 60 வயது முடிந்த ஆண்களுக்கு லோயர் பெர்த் கோட்டா உண்டு. தனியாகவோ, அதே தகுதி உள்ள இன்னொருவரோடோ போனால்தான் அது கிடைக்கும். போன தடவை, 2023-ல் நாம் இரண்டு பேரும் டெஸ்ட் பார்க்கப் போனபோது, என் பெயரையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்ததால்தான் உங்களுக்கு நடு பெர்த் விழுந்தது. ஒன்றரை நாள் அதில் ஏறி இறங்கினீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு அப்புறம் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

புளிச்சோறு முதல் நாளுக்குத் தாங்கும், அடுத்த நாளுக்குச் சப்பாத்தி. மக்கன் பேடா எடுத்துப் போனால் பாகை நன்றாக வடித்துவிட்டு டப்பாவில் போடச் சொல்லுங்கள். பாகோடு போனால் பையெல்லாம் பிசுபிசுக்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஆட்டம் என்றால் வடக்கே பனிமூட்டத்தில் ரயில் பல மணி நேரம் தாமதமாகும். முதல் பந்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருகிற மாதிரி வையுங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் காற்றும் மோசம். 2017 டிசம்பரில் இதே டெல்லி மைதானத்தில் இலங்கைக்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு ஃபீல்டிங் பண்ணினார்கள், ஆட்டம் நடுவில் நின்றது. உங்கள் இளைப்புக்கு அந்த மாதங்களே வேண்டாம் என்பேன். போவதென்று முடிவு பண்ணிவிட்டால், துணி முகமூடி புகைக்கு உதவாது, என்-95 வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரிதான் நல்ல காலம். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பத்தரைக்குக் கழற்றிவிடலாம். கழற்றியதை வைக்கப் பை கிடையாது, இடுப்பில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய சால்வை எடுக்காதீர்கள்.

புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கினால் மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம். பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டால் திரும்ப நடைமேம்பாலம் ஏற வேண்டும். மஞ்சள் லைனில் காஷ்மீரி கேட் போகிற வண்டியில் ஏறுங்கள்: சாவ்ரி பஜார், சாந்தினி சௌக், மூன்றாவது காஷ்மீரி கேட். அங்கே ஊதா லைனுக்கு மாறினால் செங்கோட்டை, ஜாமா மஸ்ஜித், அடுத்தது டெல்லி கேட். ராஜீவ் சௌக், மண்டி ஹவுஸ் வழியாகப் போனால் ஒரு ஸ்டேஷன் குறைவு, ஆனால் இரண்டு தடவை மாற வேண்டும், ராஜீவ் சௌக்கில் நிற்க இடம் இருக்காது. பையோடு போகிறவருக்கு ஒரு தடவை மாறுவதே நல்லது.

நம்ம ஊரில் டெல்லி கேட் என்றால் ஆட்டோக்காரர் பாலாற்றங்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். டெல்லியில் அதே பெயரில் சுரங்க ரயில் நிலையம். பலகையைப் பார்த்ததும் நின்று சிரித்தீர்களே, "இங்க இன்னாடா பண்ணுது நம்ம கேட்டு" என்று. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பெண்ணும் நம் மொழி தெரியாமலே சிரித்தது. நல்ல மனுஷன் அண்ணா நீங்கள். பிரயாணத்தில் உங்களை மாதிரி ஒரு துணை கிடைக்காது.

வெளியே வந்தால் ஷாஜஹான் கட்டின மதில் வாசல், நடுரோட்டில் வேலிக்குள் நிற்கும். அதற்குத் தெற்கே பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மைதானத்துக்கு சுமார் பத்து நிமிஷ நடை. வழியில் கூனி தர்வாசா என்கிற பழைய வாசல். 1857 செப்டம்பரில் கடைசி முகலாய அரசரின் பிள்ளைகளை ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் சுட்ட இடம் அது. திப்புவின் பிள்ளைகளை வேலூர் கோட்டையில் வைத்திருந்ததையும் 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்தையும் நீங்கள் அங்கே நின்று சொல்ல ஆரம்பித்தீர்கள், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை ஆற அமர நில்லுங்கள். ஆட்ட நாளில் அந்த ரோட்டில் ஆட்டோ விட மாட்டார்கள், நடைதான்.

இப்போது கேட்.

தண்ணீர் பாட்டில், பை, பவர் பேங்க், லைட்டர், சிகரெட், இயர்போன், சாப்பாட்டு டப்பா எதுவும் உள்ளே போகாது. சில ஆட்டங்களில் சில்லறைக் காசைக்கூட வெளியே போடச் சொல்வார்கள், மைதானத்துக்குள் எறிவார்கள் என்று பயம். போன், பர்ஸ், டிக்கெட், அடையாள அட்டை, தொப்பி, மாத்திரை இருந்தால் சீட்டோடு. அவ்வளவுதான். ஆன்லைன் டிக்கெட்டை சில ஆட்டங்களுக்கு கவுண்டரில் கொடுத்து அட்டை டிக்கெட்டாக மாற்ற வேண்டும். அதை முந்தின நாளே செய்துவிடுங்கள், காலையில் போனால் வரிசையிலேயே முதல் மணி நேரம் போய்விடும். உள்ளே போனவர் வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப விட மாட்டார்கள். பொருளை வாங்கி வைக்க வாசலில் இடம் கிடையாது. பிளாட்பாரத்தில் பெல்ட்டும் பாட்டிலும் குவிந்து கிடக்கும்.

இந்தப் பட்டியல் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. ரேடியோவும் அதில் இருந்தது. நான் வாசித்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. காட்பாடியில் ஏறும்போதே நைனாவின் ட்ரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். 1999 பிப்ரவரி 7, கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்தாவது விக்கெட்டாக வாசிம் அக்ரமை எடுத்ததை நைனா எந்த டப்பாவில் கேட்டாரோ, அதை அந்த மைதானத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் நினைத்தது எனக்குப் புரிந்தது. விட மாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? முதல் இரண்டு நாளும் லாட்ஜிலேயே வைத்துவிட்டு வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தேன். ஒருவேளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. அந்தப் பேச்சை எடுத்தால் கிளம்பவே நேரமாகும் என்று நினைத்தேன்.

காவலர் மேல் தப்பில்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். "கீழே வெச்சிட்டு வாங்கண்ணா, யாரும் எடுக்க மாட்டாங்க" என்றேன். அந்தக் குவியலைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "நைனாவுதுடா" என்றீர்கள், அவ்வளவுதான். துண்டின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துத் திரும்பச் சுற்றினீர்கள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நான் டிக்கெட்டை நீட்டிவிட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியா முந்தின நாள் 61 ரன்னுக்கு ஒரு விக்கெட். காலையில் அஸ்வினின் முதல் ஓவரிலேயே ஹெட் போனார். 95 என்ற ஒரே ரன்னில் நான்கு பேர். 113-ல் எல்லாம் முடிந்தது, ஜடேஜாவுக்கு 42 ரன்னில் ஏழு. லன்ச்சுக்கு முன்னாலேயே ஒன்பது விக்கெட். அதை நான் பார்த்தேன். நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், பிரோஸ் ஷா கோட்லா இடிபாட்டில், அசோகர் தூணுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டீர்கள். முதலில் மைதானத்திலிருந்து ஆரவாரம் வரும், கொஞ்சம் கழித்து ரேடியோவில் யார் அவுட் என்று சொல்வார்கள் என்று ராத்திரி லாட்ஜில் சொன்னீர்கள். சொல்லும்போது முகத்தில் கோபமே இல்லை. கோபம் ஊருக்கு வந்த பிறகுதான் வந்தது, நாலு பேர் இருக்கும்போது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை அண்ணா. என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அந்தத் தூணைப் பற்றி நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஆனாலும் அப்புறம் நானும் தேடி வாசித்தேன். டோப்ரா என்கிற ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்த விதத்தை சுல்தான் பிரோஸ் ஷா காலத்து ஆள் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம் பஞ்சைக் குவித்து, அடியைத் தோண்டி, மெத்தையில் சாய்ப்பது போலச் சாய்த்திருக்கிறார்கள். பிறகு நாணலும் பதப்படுத்தாத தோலும் சுற்றி, 42 சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டின வடத்தை 200 பேர் இழுத்து யமுனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து படகில். பதிமூன்று மீட்டர் கல், உடையாமல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது டெல்லியில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. 1837-ல் பிரின்செப் என்கிற ஆங்கிலேயர் படிக்கும் வரைக்கும் ஊமையாகவே நின்றது. இதைச் சொல்லத்தான் கல்யாண வீட்டில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். எழுந்து போய்விட்டீர்கள்.

கோட்லாவுக்கு வியாழக்கிழமை போகாதீர்கள், தூணை நிதானமாகப் பார்க்க முடியாது. அன்றைக்கு ஜின்களுக்கு மனு எழுதி அடித்தள அறைகளின் மாடங்களில் வைக்கக் கூட்டம் வரும். ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் வைக்கிறார்கள், கலெக்டர் ஆபீசில் துறைதுறையாகக் கொடுப்பது மாதிரி. ஊதுபத்திப் புகை வேறு, உங்களுக்கு ஆகாது. மற்ற நாளில் காலையிலேயே போங்கள்.

அங்கே டெஸ்ட் ஐந்து நாள் ஓடும் என்று நம்ப வேண்டாம். பந்து தாழ்ந்து வரும், சுழலும். 2023-ல் மூன்றாவது நாளே முடிந்தது. முதல் மூன்று நாளுக்கு மட்டும் மேட்ச் டிக்கெட் எடுங்கள், திரும்புகிற ரயிலை மட்டும் ஐந்தாவது நாளுக்கு அடுத்த நாள் வையுங்கள். மீதி இரண்டு நாள் கிடைத்தால் துக்ளகாபாத், புராணா கிலா, ஹுமாயூன் கல்லறை. செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும். மைதானத்தில் மேற்குப் பக்க ஸ்டாண்டாகப் பார்த்து எடுங்கள், மதியத்துக்கு மேல் நிழல் வரும், வெயில் முகத்தில் அடிக்காது. ஒன்பதரைக்கு முதல் பந்து. எட்டேகாலுக்கு வாசலில் இருங்கள்.

கடைசியாக, இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். புது டெல்லி ஸ்டேஷனில் க்ளோக் ரூம் இருக்கிறது. பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். டெல்லி கேட்டிலிருந்து ஆறு ஸ்டேஷன். போய் வைத்துவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம், கூட்டமிருந்தால் ஒன்றரை. அன்று நாம் வாசலில் நின்றபோது எட்டே முக்கால். ட்ரான்சிஸ்டரை அங்கே பத்திரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் பத்தேகாலுக்குள் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். இரண்டோ மூன்றோ விக்கெட் போயிருக்கும், மீதியைச் சேர்ந்து பார்த்திருப்போம். புஜாரா தன் நூறாவது டெஸ்டில் ஜெயித்த ரன்னை அடித்ததைப் பார்த்திருப்போம். க்ளோக் ரூம் எனக்கு அப்போதே தெரியும். வந்து இறங்கிய அன்று போர்டைப் பார்த்தேன். ஒரு ஓவர்கூட விட மனசில்லை.

அதனால் ட்ரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்ட நாளில் லாட்ஜை ஏழு மணிக்கே விடுங்கள், ஸ்டேஷன் போய்விட்டு வர நேரம் இருக்கும். சின்ன பை ஒன்று, ஜிப்பில் பூட்டு மாட்டுகிற மாதிரி. சாவியை இடுப்புக் கயிற்றில் போடாதீர்கள், கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தும், பர்ஸில் வையுங்கள். ரசீதைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரான்சிஸ்டரின் பேட்டரி செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். பின்மூடியின் கொக்கி தேய்ந்துவிட்டது, பைக்குள் புரண்டால் திறந்துகொள்ளும், அகலமான ரப்பர் பேண்ட் இரண்டு குறுக்கே போடுங்கள்.

தம்பி
ஆற்காடு