ஒரு பானைப் பொங்கல்

பட்டுக்கோட்டை,
மார்கழி.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அவர்களையும் கவனித்து, ஆபீஸ் வேலையையும் விடாமல், அரைப்பரீட்சைக்குப் பிள்ளைகளையும் படிக்கவைத்து, நீ எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு மட்டும் கார்த்திகை மழையில் பிடித்த சளி விடவில்லை. ராத்திரியில் இருமுகிறான், காலையில் எழுந்தால் ஓடுகிறான். கொல்லை வேலியில் தூதுவளை தழைத்துக் கிடக்கிறது. அதைக் கிள்ளி அத்தை ரசம் வைத்துத் தருகிறார்கள். ஆறினால் குடிக்க மாட்டான், சுடச்சுட வேண்டும் அவனுக்கு.

பொங்கலுக்கு வரலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். அம்மாவும் இல்லை, வீடும் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் வந்தாலும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவார்கள், அதற்கு இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். வாடி. எங்கள் வீட்டுக்கு வா. உன் அண்ணன் சீரைப் பணமாக அனுப்பிவிடுகிறார் என்று எப்போதோ நான் சொன்னதை அத்தை மனதில் வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் குயவர் வீட்டில் பானை சொன்னபோது உனக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் வைத்து முறையாகக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன்.

பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

கஜா புயல் உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. அப்போது பெரியவள் என் வயிற்றில். மாமா நட்டு வளர்த்த தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்தது. வேரோடு பிடுங்கியது பாதி, நடுவில் முறிந்தது பாதி. கரண்ட் வர வாரக்கணக்கானது. அடுத்த தையில் யாருக்கும் பண்டிகை கொண்டாட மனமே இல்லை. அத்தைதான், "சூரியன் உதிக்கிறதா இல்லையா? அப்படியானால் பொங்கல் உண்டு" என்று சொல்லிவிட்டு வாசலில் மூன்று கல்லைக் கூட்டி ஒரே ஒரு பானையை ஏற்றினார்கள். பலகாரம் கிடையாது, புதுத்துணி கிடையாது, விருந்தாளி கிடையாது. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அன்று பால் பொங்கியபோது எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். மாமா அழுதார். உள்ளே வேலை இருக்கிறது என்று யாரும் எழுந்து போகவில்லை. நான் கல்யாணமாகி வந்த பிறகு பால் பொங்குவதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய பொங்கல்களில் வாசலில் குலவை கேட்கும்போது நான் அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டிருப்பேன்.

அப்புறம் நிலைமை சரியாகச் சரியாகப் பண்டிகையும் பழையபடி பெருத்துவிட்டது. டின் டின்னாக முறுக்கு, அதிரசம், வீடு முழுக்க ஒட்டடை, ஒரே வாரத்தில் வெள்ளையடிப்பு, மூன்று நாளும் இலை போட்ட சாப்பாடு. பெரியவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நானும் செய்யறேம்மா" என்று நிற்பாள். வேலை முடிய வேண்டுமே என்று அவள் கையில் போனைக் கொடுத்து உட்கார வைப்போம். பிள்ளைகள் போனைத் தேடிப் போவதாக எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டில் நான் பார்த்தவரை, பண்டிகை நாளில் போனை அவர்கள் கையில் வைப்பதே பெரியவர்களாகிய நாம்தான். நம் கை ஒழியவில்லை, அதுதான் காரணம்.

அதனால் போன வருடம் நானும் அத்தையும் இவரும் உட்கார்ந்து பேசினோம். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று. பானை, ஏழு காய் போட்ட பொங்கல் குழம்பு, மாட்டுக்குச் செய்யும் மரியாதை, இது மூன்றும் இருக்க வேண்டும் என்றார்கள் அத்தை. முறுக்கும் அதிரசமும் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா சுட்டு விற்கிறார்கள், அங்கே வாங்கிக்கொள்கிறோம். ஒட்டடை அடிப்பதை மார்கழி முழுக்க ஓர் அறை ஓர் அறையாக இவர் பார்த்துக்கொள்கிறார். பெரிய பாத்திரம் கழுவுவதும் அவர் பொறுப்பு. முதலில் அத்தைக்கு அது ஒப்பவில்லை. மகன் அண்டா தேய்ப்பதைப் பார்த்துக் கொல்லைப் பக்கமே வராமல் இருந்தார்கள். இப்போது சின்னவன் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு அப்பாவோடு சேர்ந்து டம்ளர் தேய்க்கிறான். அவனுக்கு நாலு வயது. ஆம்பிளைப் பிள்ளை பாத்திரம் கழுவலாமா என்ற எண்ணமே அவன் மனதில் முளைக்கவில்லை. எனக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாம் இருவரும் பாத்திரம் தேய்த்த கதையெல்லாம் பேசியிருக்கிறோமே.

கை ஒழிந்தால் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்க முடிகிறது. விளையாட்டு வேலையைச் சொல்லவில்லை, அவர்கள் செய்யாவிட்டால் நடக்காத வேலை. மார்கழி பிறந்ததிலிருந்து கொல்லையில் பறங்கிப்பூ பறித்து வருவது சின்னவன் வேலை. பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போவான். பிஞ்சு தாங்கிய பெண்பூவைத் தொடக் கூடாது, நீளக் காம்பு உள்ள ஆண்பூவைத்தான் பறிக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவன் தப்பாமல் பார்த்துப் பறிக்கிறான். நான் கோலம் போட்டதும் சாணி உருண்டையில் பூவைச் செருகி நடுவில் வைப்பான். பிற்பாடு அதை வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்க்கிறோம். பொங்கலன்று அடுப்பு மூட்டும்போது அதுதான் முதலில் உள்ளே போகும்.

பெரியவளுக்குக் கோலத்தில் பைத்தியம். மாசி வந்தால் அவளுக்கு ஏழு. ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி மூன்றில் நிறுத்தும் கோலம் அவளுக்கு இப்போது தனியாக வரும். மூன்று, நாலு, ஐந்து, நாலு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வைக்கிறாள். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது புள்ளி என்று அவளாகவே ஒரு நாள் கண்டுபிடித்து வந்து சொன்னாள். அடுத்து ஏழு வைத்து நாலில் நிறுத்தினால் எத்தனை வரும் என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்து முப்பத்தேழு என்று சாயந்திரம் சொன்னாள். இழை கோணலாகத்தான் வரும், மாவும் திட்டுத் திட்டாக விழும். பொங்கலன்று வாசல் கோலம் அவளுடையதுதான் என்று முடிவாகிவிட்டது. தெருவில் யார் என்ன சொன்னாலும் நான் அதன்மேல் கை வைக்கப் போவதில்லை.

போகி என்றால் உங்கள் மெட்ராஸ் பக்கம் விடியற்காலையில் புகை மூட்டமாக இருக்கும், இங்கே அவ்வளவு கிடையாது. மாமா அன்று திண்ணைக்குக் காவிப் பட்டை அடிப்பார், பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மட்டை பிரஷ் உண்டு. சுவரில் பாதி, சட்டையில் பாதி. அதனால் உன் பிள்ளைகளுக்குப் பழைய துணியாக எடுத்து வா. புதுசு ஒன்று போதும்.

பொங்கல் வைக்கும்போது அடுப்பு பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிற இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்போம், அதைத் தாண்டக் கூடாது. அரிசி களைந்த தண்ணீரையும் பாலையும் சேர்த்துத்தான் உலையில் வைப்போம். வெறும் தண்ணீர் கொதித்தால் பொங்கி வழிவதில்லையே, பால் மட்டும் ஏன் வழிகிறது என்று போன வருடம் பெரியவள் கேட்டாள். பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகப் படிகிறது, அடியிலிருந்து வரும் ஆவி வெளியே போக முடியாமல் நுரையோடு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று இவர் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, சரியாகப் பால் எழும் சமயத்தில் "ஆவி வருது, ஆவி வருது" என்று கத்த, சின்னவன் "பொங்கலோ பொங்கல்" என்று தாம்பாளத்தைத் தட்ட, அத்தை குலவை போட, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்டி. அடுப்படியில் இல்லை.

மாட்டுப் பொங்கலுக்கு நெட்டிமாலை வாங்க வேண்டும். நெட்டி தெரியுமல்லவா, குளம் குட்டையில் வளருமே, தண்டு வெளுத்து எடையே இல்லாமல் இருக்கும். அதை வெட்டிக் காயவைத்து, சீவி, சாயம் ஏற்றி மாலையாகக் கோத்து விற்கிறார்கள். கும்பகோணம் பக்கத்து ஊர்களில் குடும்பம் குடும்பமாக இதே வேலை. இதே நெட்டியில்தான் பெரிய கோயிலைச் சின்னதாகச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருகிறார்களே, அந்தத் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மாலை கோக்கிறவர்களுக்கு வருடத்தில் இந்தச் சில நாட்கள்தான் வியாபாரம். பிளாஸ்டிக் மாலை பாதி விலைக்குக் கடையில் தொங்குகிறது. நாங்கள் அதை வாங்குவதில்லை. மாடு கழற்றித் தின்றால் என்ன ஆகும்? எங்கள் சிவப்பிக்கும் அவள் கன்றுக்கும் நெட்டிமாலைதான். கன்றுக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பது பெரியவள் வேலை, கொம்புக்குச் சாயம் பூசுவது மாமா வேலை, எல்லோரையும் ஈரமாக்குவது கன்றின் வேலை.

பெரிய கோயில் நந்திக்கு அன்று காய், கனி, இனிப்பு எல்லாம் கட்டி அலங்காரம் செய்வார்கள். சுமார் 12 அடி உயரம், ஒரே கல். கத்தரிக்காயும் வாழைப்பழமும் மாலையாகத் தொங்குவதைப் பார்த்தால் உன் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கூட்டம் அதிகம் என்பதால் சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம். போகும் வழியில் சூரக்கோட்டையில் செங்கரும்புக் கொல்லைகள் இருக்கின்றன, பஸ் ஜன்னலிலிருந்தே காட்டலாம். கரும்பை உன் சின்னதுக்குக் கொடுக்கும்போது மட்டும் கவனம். மெலிசாக நறுக்கி, உட்கார வைத்து, சக்கையைத் துப்பச் சொல்லித்தான் கொடுக்கிறோம். வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் தொண்டையில் சிக்கும்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். புதாற்றில், அதுதான் கல்லணைக் கால்வாயில், இப்போது தண்ணீர் போகிறது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பது உனக்கே தெரியும், ஆக நீ வருகிற நேரம் ஆறும் வாய்க்காலும் ஓடும். நாம் சின்ன வயதில் மதகிலிருந்து குதித்தோம், உண்மைதான். இப்போது என் பிள்ளைகளைப் பெரியவர் கைப்பிடி இல்லாமல் படித்துறைக்கு விடுவதில்லை. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது, சத்தமே வராது. காணும் பொங்கலுக்குக் கல்லணைக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாயே, கூட்டத்தில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் நிற்க எனக்கு மனமில்லை. அன்று தோப்பில் கட்டுச்சோறு சாப்பிடலாம். புயலுக்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட பெரியவள் வயது. நெட்டை ரகம் என்பதால் மெதுவாகத்தான் வந்தது. இந்த வருடம் நாலைந்து மரம் முதல் பாளை விட்டிருக்கிறது. மாமா தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். நீ வந்தால் உனக்கும் காட்டாமல் விட மாட்டார்.

சம்பா இன்னும் பச்சை மாறவில்லை, தை பாதிக்கு மேல்தான் அறுப்பு. இனி மழை வராமல் இருக்க வேண்டும்.

உன் பிள்ளைகள் முதல் நாள் போன் கேட்பார்கள். கேட்கட்டும், கொஞ்ச நேரம் கொடு. சண்டை போட்டுப் பிடுங்க வேண்டாம். மறுநாள் மொச்சை உரிக்கவும் மஞ்சள் கொத்து கழுவவும் கூப்பிட்டுப் பார்க்கலாம். வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. நீயும் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், முதல் நாள் முழுக்கத் தூங்கு. உன் மாமியாருக்கு அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல். வரலாம் என்றால் கீழ் அறையில் கட்டில் போட்டு வைக்கிறோம், கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து செங்கோட்டை போகும் ரயில் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகத்தான் வருகிறது. தினசரி கிடையாது, அதனால் எந்த நாளில் டிக்கெட் கிடைக்கிறதோ அதைப் பிடி. கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் வரை வந்துவிடு, இவர் வந்து கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் சட்டை அளவு எழுது, அத்தை கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் தோழி