செல்லிக்கு வலிக்கிறது, கயல்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் பூனை செல்லிக்கு வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. கைக்குழந்தைக்கே சொட்டு மருந்தாகக் கொடுக்கிறோமே என்று உனக்குத் தோன்றியிருக்கும். நம் கல்லீரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உள்ளே சேரும் நச்சு ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். அவற்றால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். மாப்பிள்ளை முழங்காலில் தடவிக்கொள்ளும் வலி ஜெல்லிலும் கவனமாக இருங்கள். அந்தக் காலை அவள் நக்கினாலோ, தன் ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலோ சிறுநீரகம் பாழாகிவிடக்கூடும்.

நீ அனுப்பிய வீடியோவைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "செல்லி இப்போது சாதுவாகிவிட்டாள், அலமாரிப் பக்கமே போவதில்லை, வயதாகிவிட்டதில்லையா" என்றாய். சோபாவின் அருகே வருகிறாள். மேலே பார்க்கிறாள். முன்கால்கள் இரண்டையும் விளிம்பில் வைத்துவிட்டு அப்படியே நிற்கிறாள். பிறகு பின்கால்களால் உந்தாமல், முன்கால் நகங்களைத் துணியில் மாட்டி உடம்பை மேலே இழுத்துக்கொள்கிறாள். கீழ்முதுகில் ரோமம் சடை பிடித்துக் கிடக்கிறது. நாள் முழுக்க உடம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பூனை அந்த இடத்தை மட்டும் விட்டிருக்கிறதென்றால், அங்கே வளைந்து திரும்ப இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறாள் என்று கோபப்பட்டாயே, அதையும் இதோடு சேர்த்துப் பார். தட்டின் விளிம்பு உயரமாக இருக்கிறது, தாண்டும்போது வலித்திருக்கும். சிறுநீர்ப்பையில் கோளாறு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும்.

மடியில் படுத்துக் குர்ர் என்கிறாளே, வலித்தால் அப்படிச் செய்வாளா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வலியிலும் பூனை அந்தச் சத்தத்தை எழுப்பும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வயதாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வலியை மூடிவைக்கிறோம்! அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. செல்லிக்கு இப்போது 13 வயது.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துக் காலம் கழித்தவள் நான். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு படபடப்பு. 1980கள் வரைகூடப் பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, போதிய வலிநிவாரணம் இல்லாமலே அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். சொல்லத் தெரியாத உயிருக்கு வலி இல்லை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது பார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, வாய்விட்டுச் சொல்ல முடியாததாலேயே மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்து எழுதியது. பச்சிளங்குழந்தையின் நெரித்த புருவத்தையும் இறுக்கிய கண்ணையும் வைத்துத்தான் வார்டில் நாங்கள் வலியைக் கணித்தோம். பூனைக்கும் அப்படி முகத்தைப் பார்த்து வலியைக் கணிக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் அதை 2019இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலையை வைத்திருக்கும் விதம் என ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். காது பக்கவாட்டில் விலகித் தட்டையாகும், கண் இடுங்கும், மீசை விறைத்து நேராக நிற்கும், தலை தோளுக்குக் கீழே தொங்கும். பத்துக்கு 4 வந்தாலே வலிநிவாரணி தேவையா என்று யோசிக்க வேண்டும். பூனை விழித்து அமைதியாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பார்த்துப் பயனில்லை. ஆனால் இது பெரும்பாலும் திடீர் வலிக்கு. செல்லிக்கு இருப்பதுபோன்ற நாள்பட்ட மூட்டு வலியை முகத்தைவிட நடமாட்டம்தான் காட்டிக்கொடுக்கும்.

நாய் வேறு மாதிரி. நம் மணி முன்கால் மணிக்கட்டை ஓயாமல் நக்கி நக்கி அந்த இடத்து வெள்ளை ரோமம் செம்பட்டையாகிவிட்டது. எழுந்ததும் நாலடி விறைப்பாக நடப்பான், பிறகு சரியாகிவிடும். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தார். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதே, 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த மருந்து இதுதான். மணியின் மருந்தில் கொஞ்சம் செல்லிக்கு அனுப்பட்டுமா என்று உன் அப்பா கேட்டார். கூடாது என்றேன். பூனைக்கு அளவு வேறு, கொடுக்கும் நாள் கணக்கு வேறு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கொடுப்பதா வேண்டாமா என்பதே கேள்வி.

திங்கட்கிழமையே கூட்டிப் போ. கிளினிக் மேசையில் ஏற்றினால் பூனை பதுங்கிக்கொள்ளும், நடந்து காட்டாது. வீட்டில் குதிப்பதையும், தயங்குவதையும், படி இறங்குவதையும் படம் பிடித்து எடுத்துப் போ. சிறுநீரகம், கல்லீரல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேள். போன மாதம் அரிப்புக்கு ஊசி போட்டார்களே, அது ஸ்டீராய்டா என்று சீட்டைப் பார்த்து மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடு. ஸ்டீராய்டோடு மெலாக்சிகாம் சேர்ந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தை எழுதினால் முதலில் சில நாள் தள்ளாடுவாள், தூங்குவாள், பயப்படாதே. எந்த மருந்தானாலும் சாப்பிடுவதை நிறுத்தினாலோ வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடு.

மருந்தோடு வீட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடு. சோபாவுக்கும் ஜன்னல் திண்டுக்கும் முன்னால் தலா ஒரு முக்காலி போடு. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். அவள் நடக்கும் வழியில் பாய் விரி. பெங்களூர்க் குளிருக்குப் படுக்கையில் கம்பளி வை. நகத்தைப் பார்த்து வெட்டிவிடு, பிறாண்டித் தேய்ப்பதையும் விட்டிருப்பாள். எடையைக் குறைக்கச் சொல்வார்கள், குறைக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டினி போட்டுவிடாதே. குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகிவிடும். மெதுவாக, மருத்துவர் சொல்லும் அளவில் குறை.

மருந்து தொடங்கிய பிறகு அதே சோபா அருகே அவளை மறுபடி வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் சேர்த்து அனுப்பு. மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காவிட்டால் எனக்குப் போன் செய், நான் இரவு பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா