மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. எழுந்தால் தலைசுற்றல் வேறு. மாத்திரைகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வேளை மட்டும் போடச் சொன்ன பிரஷர் மாத்திரை அம்லோடிபினை இரண்டு வேளையும், இரண்டு வேளை போட வேண்டிய சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினை ஒரு வேளையும் விழுங்கியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அட்டையின் நிறத்தை வைத்தே அடையாளம் பிடித்து வந்திருக்கிறார். இந்த முறை வேறு கம்பெனி மருந்து வந்து நிறம் மாறிவிட்டது. "பச்சை அட்டைதானே நர்ஸம்மா ரெண்டு வேளைக்கு?" என்று அவர் கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய காரியம் அது. ஆனால் அட்டையில் இருப்பது பொடி எழுத்து ஆங்கிலம்.

1991-இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைப் பொட்டலம் கொடுத்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டியதை ஒரு டம்ளரில் கரைத்துப் புகட்டிவிடுவார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எத்தனை முறை சொன்னாலும் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துபோகும். அந்தச் சமயத்தில்தான், ராத்திரி வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகிய கல் உடைக்கும் பெண் ஒருவர், தடுப்பூசி அட்டையை என் முன்னால் விரித்து, "இதுல பதினாலுன்னு போட்டிருக்கு. புதன்கிழமை பதினஞ்சுல்ல வருது?" என்று கேட்டார். தேதியைத் தப்பாக எழுதியது நான்தான். அவர் பிள்ளைக்கு ஒரு தடுப்பூசிகூடத் தவறவில்லை.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்கும்போதே மருந்துக் கவரைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். மருந்து கொடுப்பவர்களும் கவரின் மேல் நோயின் பெயரையும் வேளையையும் தமிழில் பெரிதாக எழுதித் தர வேண்டும்.

அக்காவுக்கு நானே கவரில் 'காலை', 'இரவு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் வரும் துணைக்காலும் இரவில் வரும் 'ர'வும் ஒன்று போலவே தெரிகிறது என்கிறார். தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.