டோமோனோஉரா துறைமுகத்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஜப்பானின் ஃபுகுயாமா ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் சென்று, டோமோனோஉரா என்னும் பழைய துறைமுகத்தை நேற்று அம்மாவும் நானும் பார்த்தோம். சாலை வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட நீ இவ்வூரைப் பற்றி அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

செத்தோ உள்நாட்டுக் கடலின் நடுப்பகுதியில் இருக்கும் இத்துறைக்கு அருகில்தான், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஏறிவரும் ஓதம் ஒன்றையொன்று சந்தித்து, வடியும்போது இருபுறமும் பிரிந்து செல்கிறது. ஆகவே, பாய்மரக் கப்பல்கள் ஏறும் நீரோடு உள்ளே வந்து, நீர் திரும்பும் வரை தங்கியிருந்து, வடியும் நீரோடு தம் வழியே புறப்பட்டன. அப்படித் தங்கியவர்களால் ஊர் செழித்தது. 1711-இல் வந்த கொரியத் தூதுக் குழுவினர், ஃபுகுசென்ஜி கோயிலிலிருந்து தெரியும் தீவுகளைக் கண்டு, இந்நாட்டின் தலைசிறந்த காட்சி இதுவே எனப் போற்றினர்.

துறையை வளைத்துக் கட்டிய கல்படிகளின் அருகில் வெகுநேரம் நின்றேன். கீழ்ப்படிகளில் பாசி படர்ந்திருந்தது, மேற்படிகள் உலர்ந்திருந்தன. நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஏதேனும் ஒரு படியில் சரக்கை இறக்கலாம். படிகளின் ஓரத்தில் 1859-இல் எழுப்பிய கல்விளக்குத் தூண் இன்றும் நிற்கிறது. அலைதடுப்புச் சுவர், படகின் அடிப்பகுதியைத் தீயில் வாட்டிய களம், காவலகம் ஆகியவற்றின் தடங்களும் இதே துறையில் எஞ்சியிருக்கின்றன.

இந்தத் துறையின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் கட்டும் திட்டம் 1983-இல் உருவானது. இரண்டு கார்கள் விலக முடியாத தெருக்களில் வாழ்ந்த பலர் அதை வரவேற்றதில் நியாயம் இருந்தது. எதிர்த்தவர்கள் வழக்குத் தொடுக்க, கடலைத் தூர்க்க ஆளுநர் உரிமம் வழங்கக் கூடாது என்று ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் 2009-இல் தடை விதித்தது. ஒருமுறை இழந்தால் மீட்க இயலாத இக்காட்சி சட்டத்தின் காப்புக்கு உரியது என்றும் கூறியது. 2012-இல் மாகாண அரசு பாலத்தைக் கைவிட்டு, மலையைக் குடைந்து சாலை அமைக்கத் தீர்மானித்தது. அது சரியான முடிவென்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சுரங்கச் சாலைக்கு ஆகும் கூடுதல் செலவை உங்கள் துறையினர் எவ்வாறு கணக்கிடுவார்கள், காட்சிக்கு அதில் இடம் உண்டா என்பதை உன் மூத்த அலுவலர்களிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா