800-இன் தளத்துக்கு ஒரு வைத்தியம்

அன்பு மாப்ளே,

உன் கடிதமும் நாலு படங்களும் கிடைத்தன. பெரியவளுக்குக் கோவையில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாஸ்டலுக்குப் பெட்டி படுக்கை ஏற்றிப்போக மாருதி 800-ஐத்தான் எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக எடு. ஆனால் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் காலடியில் துருப்பிடித்திருக்கும் அந்தத் தளத்தகட்டை ஒரு வழி பண்ணிவிடு. தூத்துக்குடியில் இப்போது அடிக்கிற காய்ந்த காற்று இந்த வேலைக்குத் தோதானது. மழைக்காலம் வந்துவிட்டால் எதுவும் ஒழுங்காகக் காயாது.

துருவின் மேல் பூசும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவத்தில் எதை வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொன்னால் உன் காசும் உழைப்பும் வீணாகிவிடும். இந்த வேலையில் அந்தப் பாட்டிலின் பங்கு ரொம்பச் சின்னது. பூசுவதற்கு முன் செய்கிற சுத்தமும், பூசிய பின் அடிக்கிற பிரைமரும்தான் தகட்டைக் காப்பாற்றும். இடையில் வருகிற கன்வர்ட்டர், சுரண்டி எடுக்க முடியாமல் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் துருவைச் சமாளிக்க மட்டும்தான். போன தகட்டை அது திருப்பித் தராது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார். படத்தில் இடப்பக்க முன்தளம் மட்டும் மோசமாக இருக்கிறது, வலப்பக்கம் மேலோட்டமான பழுப்புதான். ஏ.சி. வண்டியில் இது பெரும்பாலும் ஏ.சி.யின் கூலிங் காயில் (coil) மேல் படிந்து வடியும் தண்ணீரின் வேலை. அந்தத் தண்ணீர் வெளியேறுகிற டியூப் இடப்பக்கம்தான் இருக்கிறது. நிழலில் நிறுத்தி இருபது நிமிஷம் ஏ.சி. ஓட விட்டு, குனிந்து பார். வண்டிக்கடியில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கிறது, தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்குகிறது. வெளிமுனையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாக ஊதினால் போதும். கம்பியை விட்டுக் குத்தாதே, காயில் ஓட்டையாகிவிடும்.

டியூப் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் முன்கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர். உள்ளே தகட்டின் மேல் சாக்பீஸ் தூளைத் தூவிவிட்டு, வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடு. முதலில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, பிறகு கதவு, கடைசியாகக் கண்ணாடி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாமல் போகும். தூளில் விழும் கோடு வழியைக் காட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு ஒரு வேலையும் தொடங்காதே.

சீட் போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வை. அவசரப்பட்டுத் திருகினால் கீழே வெல்டு செய்திருக்கும் நட்டு பிய்ந்துவிடும். கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் பஞ்சு விரிப்பையும் முழுசாக எடு. அந்தப் பஞ்சு மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், அடிப்பக்கம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சத்தத்துக்காக ஒட்டிய தார் ஷீட் ஓரம் தூக்காமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் விட்டுவிடலாம். எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே ஹீட் கன்னால் இதமாகச் சூடுகாட்டி, பட்டித் தகட்டால் நெம்பி எடு. மிஞ்சும் தார்ப் பிசுக்கை டர்பென்டைனில் துடை. வண்டிக்குள் பெட்ரோலைப் பயன்படுத்தவே கூடாது.

இப்போது தகட்டைச் சோதி. தளத்தகட்டின் கனமே 1 மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். அதில் பாதியைத் துரு தின்றிருந்தாலும் மேலே பார்த்தால் உப்பிக்கொண்டு கனமாகத் தெரியும், ஏனென்றால் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் கொஞ்சம் பலமாகக் குத்திப் பார். சிறு சுத்தியலால் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்த தகடு மந்தமாகச் சொல்லும். உள்ளே இருட்டாக்கிக்கொண்டு அடியிலிருந்து டார்ச் அடிக்கச் சொன்னால் ஊசித்துளைகள் தெரிந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்குகிற இடமெல்லாம் வெட்டி எடுத்து வெல்டிங் வைக்க வேண்டிய இடம். சீட் பிடிக்கும் இடம், பெல்ட் போல்ட், ஜாக்கி வைக்கும் இடம், ரன்னிங் போர்டு இந்த நான்கில் எதில் ஓட்டை இருந்தாலும் கன்வர்ட்டரோ ஃபைபரோ எம்-சீலோ எதுவும் கூடாது, நல்ல டிங்கரிடம் கொண்டு போ. மோதலில் அந்த இடங்கள்தான் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் தளத்துக்கு அடியில் ஓடுவதால், வெல்டிங் வைப்பவர் அவற்றைப் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். பாட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லு. வெல்டிங் முடிந்த பிறகே கன்வர்ட்டர், ஏனென்றால் அந்தச் சூட்டில் மறுபக்கத்துப் பூச்சும் கருகிவிடும்.

உன் மூன்றாவது படத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு ஒரு பகுதியைத் தேய்த்திருக்கிறாய், அது கரும்பழுப்பாக மினுமினுக்கிறது. அது இரும்பு இல்லை, மெருகேறிய துரு. பிரஷ் வேகமாகச் சுற்றும்போது துருவைக் கிள்ளி எடுக்காமல் வழவழவென்று அழுத்திவிடுகிறது. அதன் மேல் கன்வர்ட்டர் ஊறவே ஊறாது. 80 நம்பர் உப்புத்தாளைக் கையால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து அந்த மினுக்கத்தைக் கெடுத்துவிடு. அடுக்கடுக்காக உரியும் பொருக்கை முதலில் உளியால் பெயர்த்து எடு, பிறகு பிரஷ். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்து நிரந்தரமாக நின்றுவிடும். ஈரச்சாக்கால் கண்ணாடிகளை மூடிக்கொள். நீயும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

அடுத்தது உப்பு. உங்கள் ஊரில் இதுதான் முக்கியம், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். உப்பளக் காற்றும் கடல் ஈரமும் கொண்டுவந்த குளோரைடு, குழிகளின் அடியில் இரும்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மேலே என்ன பூசினாலும் அடியில் துருவேற்றம் நடந்துகொண்டே இருக்கும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகும். பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கு. கொஞ்சம் சூடாக்கி, நைலான் பிரஷ்ஷால் குழிகளைத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி எடு. நாலைந்து முறை செய். கடைசி முறை ஒற்றி எடுக்கும் தண்ணீரை டெஸ்ட் டியூபில் பிழிந்து, உன் ஆய்வுக்கூடத்து நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடு. வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் டிஸ்டில்டு வாட்டரிலும் அதே சோதனையைச் செய்துகொள். ஒற்றும் துணியைக் கையுறை போட்டே தொடு, வேர்வை உப்பு பட்டாலும் கலங்கும். வேதியியல் வாத்தியாருக்கு இருக்கிற இந்த வசதி எந்தப் பட்டறைக்கும் கிடையாது, விட்டுவிடாதே.

கழுவியதும் டேபிள் ஃபேன் வைத்து உடனே காயவிடு. மெல்லிய ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு படரும். பயப்படாதே, அதைக் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கக் கூடாது, தின்னர் தொட்ட சுத்தமான துணியால் ஒரு முறை துடை.

இனி நீ கேட்ட பாட்டில். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பாஸ்பாரிக் அமிலம், துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இன்னொன்று டானிக் அமிலமும் பாலிமரும் கலந்த பால் போன்ற திரவம். இதில் துரு இரும்பு டானேட்டாக மாறிக் கறுக்கும், பாலிமர் அதன் மேல் படலமாகக் காயும். கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அந்தக் கறுப்புக்குக் காரணமும் இதே வினைதான். அதற்காகக் கடுக்காய்க் கஷாயத்தைக் காய்ச்சிப் பூசலாமா என்று யோசிக்காதே. நிறம் மாறும், ஆனால் படலம் இருக்காது.

தளத்துக்கு டானிக் வகையைத்தான் சொல்வேன். பாஸ்பாரிக் வகையில் மிஞ்சுகிற அமிலத்தைக் கழுவி எடுக்க வேண்டும். வண்டிக்குள், மடிப்பும் ஜாயிண்டுமாக இருக்கிற தளத்தில் அது முழுசாகப் போகாது. தேங்கினால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மேலே அடிக்கும் எபாக்ஸி பிரைமரையும் (ஹார்டனர் கலந்து இறுகும் அடிப்பூச்சு) சரியாக இறுகவிடாது. கழற்றி வெளியே கொண்டுவந்து கழுவ முடிகிற சீட் ரெயில், கிளாம்பு போன்றவற்றுக்கு பாஸ்பாரிக் அருமையானது. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதே, அது ஹைட்ரோகுளோரிக். இவ்வளவு பாடுபட்டு எடுத்த குளோரைடை மறுபடி உள்ளே விடுவதாகிவிடும்.

இரண்டு முன்தளத்துக்கும் இரண்டு பூச்சுக்குக் கால் லிட்டர் தாராளம், அடிப்பக்கத்துக்கும் சேர்த்து அரை லிட்டர் வாங்கு. பாட்டிலைக் குலுக்கி, தேவையானதை மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்று. மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதே, பிரஷ் வழியாக இரும்பு கலந்து முழு பாட்டிலும் கெட்டுவிடும். காலையில் பனி ஈரம் போன பிறகு, நிழலில் பூசு. தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பூசாதே, வினை நடக்கும் முன்பே காய்ந்துவிடும். மெல்லிசாக இழு, குழிகளில் மட்டும் பிரஷ் முனையால் குத்தி இறக்கு. பால் வெள்ளையாகப் போகும், சில நிமிஷத்தில் ஊதா ஓடும், இருபது நிமிஷம் வாக்கில் கருநீலமாகி இறுகும். முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. இடைவெளி எவ்வளவு என்று லேபிளில் போட்டிருக்கும், அதன்படி செய். பிறகு ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், தண்ணீர் படாமல் விடு. வண்டியின் வெளிப் பெயின்டிலோ போர்ட்டிகோ தரையிலோ சிந்தினால் உடனே துடை, காய்ந்துவிட்டால் கறை போகாது.

நிறம் சரியாக மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பழுப்பாகவே நின்ற இடத்தில் எண்ணெய் இருக்கிறது, அல்லது துரு இன்னும் கனமாக இருக்கிறது. சுரண்டிவிட்டு மறுபடி பூசு. வெள்ளி போலப் பளபளக்கும் இடம் கறுக்காது, அங்கே மாற்றத் துருவே இல்லை. அங்கே கன்வர்ட்டர் படலம் பிடிப்பில்லாமல் உரிந்துவரும், அதனால் அதைத் துடைத்துவிட்டு நேரே எபாக்ஸி பிரைமர் அடி. மறுநாள் கறுப்பின் நடுவே குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பு முத்துகள் ஈரமாகத் துளிர்த்தால் அது உப்பு. அந்தக் குழியை மறுபடி குடைந்து கழுவித்தான் ஆக வேண்டும், மேலே எத்தனை பூச்சு பூசினாலும் அடங்காது.

கன்வர்ட்டரோடு நிறுத்திவிடுவதுதான் நம் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு. அந்தப் படலம் மெல்லிசு, தண்ணீரை நெடுநாள் தாங்காது. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை, அது ஈரத்தை உள்ளே விடும். ஹார்டனர் கலக்கிற இரண்டு டப்பா எபாக்ஸி பிரைமர் வாங்கு, டப்பாவில் போட்ட விகிதத்தை அளவுக் குவளையில் அளந்தே கலக்கு. முதலில் உள்ளங்கை அளவு ஓரிடத்தில் அடித்து ஒரு மணி நேரம் பார். சில கன்வர்ட்டர் படலத்தைத் தின்னர் சுருக்கிவிடும். அப்படிச் சுருங்கினால் இன்னும் ஒரு நாள் காயவிட்டு, ஈரமில்லாத மெல்லிய முதல் பூச்சாக அடி. இரண்டு பூச்சு பிரைமர், பிறகு தகட்டு ஜாயிண்டுகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலன்ட், அதன் மேல் நிறம். தளத்தில் பட்டி பார்க்கவே வேண்டாம். அடிக்கும்போது கதவெல்லாம் திறந்திருக்கட்டும், ஆவிக்கான வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொள், துணி மாஸ்க் உதவாது.

உள்பக்கம் முடிந்தால் பாதிதான் முடிந்தது. அடிப்பக்கத்தையும் இதே வரிசையில் செய். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை. பழைய தார்க் கோட்டிங் கெட்டியாக இருக்கிற இடத்தைத் தொடாதே, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் அதைப் பெயர்த்துப் பார், அடியில் ஈரத்தோடு துரு இருக்கும். துருவின் மேலேயே புதுத் தார் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. வெளியே கறுகறுவென்று அழகாக இருக்கும், உள்ளே முன்னைவிட வேகமாக அரிக்கும். இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள்ளும் ரன்னிங் போர்டின் உட்கூட்டிலும் பிரஷ் போகாது, அங்கே கன்வர்ட்டரை ஊற்றிப் பயனில்லை. கேவிட்டி வேக்ஸ் என்கிற மெழுகை நீளக் குழாய் வைத்து ஓட்டை வழியாக உள்ளே அடி. அடியில் இருக்கிற வடிகால் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் குச்சியால் திறந்துவிடு.

தளத்து ஓட்டைகளை மூடும் ரப்பர் மூடிகள் பெரும்பாலும் கல்லாகியிருக்கும். பழையதில் ஒன்றைச் சாம்பிளுக்கு எடுத்துப்போய் அதே அளவில் புதுசு வாங்கு, விளிம்பில் கொஞ்சம் சீலன்ட் தடவிப் போடு. கார்ப்பெட்டை உடனே ஒட்டிவிடாதே. முதல் மழையை வெறும் ரப்பர் மேட்டோடு ஓட்டு, மேட்டைத் தூக்கித் தூக்கிப் பார். உலர்ந்தே இருந்தால் பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதுசு போடு.

சில்வர் நைட்ரேட் சோதனை எப்படி வந்தது என்று எழுது, ரன்னிங் போர்டு ஓரம் உப்பியிருக்கிற இடத்தைச் சுரண்டிய பிறகு கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு வெல்டிங் வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
பழைய கூட்டாளி