பல்லில் படிந்த காவி

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் பிள்ளைகள் பலர் சிரித்தாலே பல்லில் காவிக் கோடு தெரியும். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் முழங்கால் மடக்க முடியாமல், திண்ணையில் காலை நீட்டியபடியே அரிசி புடைக்கிறார். காரணம், பாறையிலிருந்து கரைந்து தண்ணீரில் அளவுக்கு மீறிச் சேரும் ஃபுளோரைடு என்ற உப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சினாலும் இது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் குடத்தைத் தூக்குகிறோம். பாறை இடுக்கில் வெகுகாலம் ஊறிக் கிடந்த தண்ணீர் அது. சரி, அதை மூடச் சொல்லவில்லை. குளிக்க, துவைக்க உதவும். ஒவ்வொன்றையும் சோதித்து, குடிக்கலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று பெயின்ட் அடியுங்கள். வங்கதேசத்தில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த அடிபம்புகளுக்கு இப்படித்தான் செய்தார்கள். அப்புறம், இந்தக் கோடையிலேயே ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் தூர்வார வேண்டும். மழைநீர் உள்ளே இறங்கினால்தான் ஃபுளோரைடின் அடர்த்தி கொஞ்சமாவது குறையும்.

– ஒரு வாசகர், பென்னாகரம்